முப்பத்தாறு வயதில் ஆறு தந்தி

வானொலி அறிவிப்பாளர் என்று சொன்னதும் பலரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "உங்களுக்குப் பிடிச்ச பாட்டு எது?" ஏதாவது வாசிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், "ஒரு காலத்தில் கித்தார் வாசிப்பேன்" என்று சொல்லியிருப்பேன். அந்த 'ஒரு காலத்தில்' இந்த வருடம்தான் போனது. வயது 36. கையில் மறுபடியும் ஓர் எலெக்ட்ரிக் கித்தார்.

நான் வளர்ந்தது கிள்ளானில். என் தாய்மாமா பகலில் துறைமுகத்தில் வேலை செய்வார். சனி, ஞாயிறுகளில் கல்யாண விருந்துகளிலும் கோயில் திருவிழா மேடைகளிலும் ஓர் இசைக்குழுவில் லீட் கித்தார் வாசிப்பார். எனக்குப் 13 வயதானபோது முதல் கார்ட் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். எஸ்.பி.எம். முடித்து, ஊடகத்துறையில் பட்டப்படிப்புக்குப் போய் இரண்டாவது வருடம், மடிக்கணினி வாங்குவதற்காக என் கித்தாரை விற்றோம். அதில் யார்மீதும் வருத்தமில்லை. அந்தக் கணினிதான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. பிறகு வேலை, திருமணம், மகள், வீட்டுக் கடன். பதினாறு வருடம் ஓடிவிட்டது.

சென்ற ஆண்டு மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. நடக்கிறார், பேசுகிறார். இடக்கை விரல்கள் மட்டும் இன்னும் சரியாக மடங்கவில்லை. கித்தாரில் தந்தியை அழுத்துவது இடக்கைதான். "ரிட்டயர் ஆனப்புறம் நிம்மதியா வாசிக்கலாம்னுதான் அதைப் பொட்டிக்குள்ளயே வச்சிருந்தேன், பாப்பா" என்றார். தன் கித்தாரை எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்றேன். பயிற்சியில் கை திரும்பும்போது அது அவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நான் எனக்கென்று ஒன்று வாங்கிக்கொள்வதாகச் சொன்னேன்.

"வீணைன்னா சரி"

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "இந்த வயசுல எதுக்கும்மா? அதுவும் எலெக்ட்ரிக்கு. வீணை, வயலின்னா சரி" என்றார். நாங்கள் குடியிருப்பது பிரிக்பீல்ட்ஸில். டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் இருக்கும் வட்டாரம். இங்கே பிள்ளைகள் நடனத்துக்கும் சங்கீதத்துக்கும் போவதைத்தான் அம்மா தினமும் பார்க்கிறார். அவர் அப்படிச் சொல்வதில் ஆச்சரியமில்லை.

ஆனால் எலெக்ட்ரிக் கித்தார் இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1961-இல் கிளிஃப் ரிச்சர்டும் தி ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூரில் வந்து வாசித்த பிறகு, தீபகற்பம் முழுக்க இளைஞர்கள் கித்தார் தூக்கினார்கள். அந்தக் குழுக்களுக்கு 'குகிரான்' என்றே மலாயில் பெயர் வந்தது. துள்ளலாகக் கித்தார் வாசிக்கும் குழு என்ற மூன்று மலாய்ச் சொற்களின் சுருக்கம் அது. பினாங்கிலிருந்து புறப்பட்ட ஆலிகேட்ஸ் குழுவை நடத்தியவர்கள் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற நம் சகோதரர்கள். லோகநாதன் 2007-இல் காலமானார். அவர் பாடிய மலாய்ப் பாடல்கள் இன்றும் ஒலிக்கின்றன.

தமிழ்ப் பாட்டுக்கும் இது அந்நியமில்லை. இளையராஜா முறைப்படி மேற்கத்திய கித்தார் படித்தவர். 1982-இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாட்டிலிருந்து ஆர். சந்திரசேகரின் கித்தாரை எடுத்துவிட்டால் பாட்டில் பாதி போய்விடும். மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸ் கர்நாடக சங்கீதக் கச்சேரி மேடையில் வாசித்ததும் மின்சார மாண்டலின்தான். கமகத்துக்கு நீண்டு நிற்கும் நாதம் வேண்டும். மின்சாரம் அதைக் கொடுத்தது. இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். "நீ ரேடியோவுல பேசற மாதிரியே வீட்லயும் பேசற" என்று எழுந்து போய்விட்டார்.

கடைக்குப் போகும் முன்

திரும்பி வருபவர்களுக்கு ஓர் ஆசை இருக்கும். இருபது வயதில் சுவரொட்டியில் பார்த்து ஏங்கிய கித்தாரை இப்போது வாங்கிவிட வேண்டும். சம்பளம்தான் வருகிறதே! ஆனால் அந்த இருபது வயதுக்காரர் இப்போது வீட்டில் இல்லை. வாசிக்கப்போவது இன்றைய நாம். ஆகவே பிராண்டைப் பற்றி யோசிக்கும் முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொண்டேன். எப்போது வாசிப்பேன்? எங்கே வாசிப்பேன்? யார் காதில் விழும்?

என் நிகழ்ச்சி காலை 6 மணிக்கு. 4 மணிக்கு எழுந்தாக வேண்டும். முதலாம் ஆண்டு படிக்கும் மகள் இரவு எட்டரைக்குத் தூங்குவாள். நான் ஒன்பதரைக்குள் படுக்க வேண்டும். நடுவில் கிடைப்பது இருபது நிமிடம். இடம், கொண்டோமினியத்தில் வரவேற்பறை மூலை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம், இந்தப் பக்கம் தூங்கும் பிள்ளை.

இப்படிப்பட்ட வீட்டுக்குச் சாதாரண மரக் கித்தாரைவிட எலெக்ட்ரிக்தான் நல்லது. பலர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள். மரக் கித்தாரின் வயிறே ஒலிபெருக்கி. அதை மூட முடியாது. எலெக்ட்ரிக் கித்தாரில் எஃகுத் தந்தியின் அதிர்வைக் காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும் சேர்ந்த பிக்கப் மின்சாரமாக மாற்றுகிறது. செருகாவிட்டால் வெறும் 'டிங்' சத்தம்தான். ஹெட்போன் மாட்டினால் முழு மேடையும் நம் காதுக்குள் மட்டும்.

ஆகவே ஆம்பில் நான் தேடியது வாட் அல்ல, ஹெட்போன் துளை. 100 வாட் ஆம்ப் என்றால் 10 வாட்டைப்போல் பத்து மடங்கு சத்தம் என்று தோன்றும். காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்குதான். திருப்பிப் பார்த்தால், 10 வாட்கூடக் கொண்டோவில் அதிகம். யாமஹா 2011-இல் மேசைமேல் வைக்கும் சின்ன ஆம்ப் ஒன்றைக் கொண்டுவந்தது. பெயர் டி.எச்.ஆர். அந்த மூன்றெழுத்தைக் கேட்டால் நம்மூரில் வானொலிதான் ஞாபகம் வரும். கடைக்காரர் சொன்னபோது நான் சிரித்ததன் காரணம் அவருக்குப் புரியவில்லை. கடைசியில் அதைவிட எளிமையான, கைப்பெட்டி அளவு ஆம்ப் ஒன்றை எடுத்தேன்.

கை என்ன சொல்கிறது

கித்தாரைக் கண்ணால் தேர்ந்தெடுப்பதுதான் எல்லாருக்கும் வழக்கம். வயது கூடினால் கை, தோள், முதுகு மூன்றையும் கேட்க வேண்டும். கிப்சன் லெஸ்பால் வகைக் கித்தார்கள் பல 4 கிலோவைத் தாண்டும். அரைமணி நேரம் நின்று வாசித்துப் பாருங்கள், தோள் பதில் சொல்லும்.

அடுத்தது தந்தியின் நீளம். ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் 648 மில்லிமீட்டர். லெஸ்பாலில் சுமார் 628. ஃபெண்டர் மஸ்டாங்கில் 610. நீளம் குறைந்தால் இழுவிசை குறையும், ஃப்ரெட்டுகளும் நெருங்கும். சின்னக் கைக்கு எளிது. நீளமான கித்தார்தான் பிடித்திருக்கிறது என்றால் மெல்லிய தந்தி போடலாம். '9' என்று சொல்லப்படும் செட்டில் மிக மெல்லிய தந்தியின் தடிமன் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்பது பங்கு. '10' செட்டைவிட இதில் தந்தியை வளைத்துக் கமகம் காட்டுவது சுலபம்.

இரைச்சலையும் பார்க்க வேண்டும். ஒற்றைச் சுருள் பிக்கப் தெளிவாகப் பேசும். ஆனால் குளிர்சாதனப் பெட்டி, விளக்கு எல்லாவற்றின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தையும் சேர்த்துப் பிடிக்கும். 1955-இல் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக வைத்து அந்த ரீங்காரத்தை அடக்கினார். அதுதான் ஹம்பக்கர். இரண்டும் கலந்த கித்தார் ஒன்று இருந்தால் வீட்டுக்குப் போதும். அப்படித்தான் யாமஹா பசிஃபிகாவில் வந்து நின்றேன். முன்னால் இரண்டு ஒற்றைச் சுருள், பின்னால் ஒரு ஹம்பக்கர்.

செலவுக் கணக்கு

வீட்டுக்காரரும் நானும் பேசி வைத்த வரம்பு 1,500 வெள்ளி. வீட்டுக் கடனும் பிள்ளைச் செலவும் இருக்கும் குடும்பத்தில் இது சின்னத் தொகையல்ல. பழைய பசிஃபிகா 650. ஆம்ப் 430. ஸ்டாண்டு, கேபிள், தோள்பட்டி, தந்தி எல்லாம் 165. செட்அப் 100. மொத்தம் 1,345 வெள்ளி.

பழைய கித்தார் வாங்க கிள்ளானுக்குப் போனபோது மாமாவையும் அழைத்துப் போனேன். அவர் பார்த்த விதத்தை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்கும் உதவும். துப்பாக்கி குறி பார்ப்பதுபோல் கழுத்தை ஒரு கண்ணால் பார்த்தார். முறுக்கம் இருந்தால் தெரிந்துவிடும். ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் என்னை அழுத்தச் சொல்லிக் காது கொடுத்தார். எங்கேயாவது 'ஜிர்' என்றால் நிறுத்தினார். 12-ஆவது ஃப்ரெட்டில் அழுத்தி ஒருமுறை, அதே இடத்தில் லேசாகத் தொட்டு ஒருமுறை வாசிக்கச் சொன்னார். இரண்டும் ஒரே சுருதியில் இருக்க வேண்டும். கடைசியில் திருகுகளைத் திருப்பி, கேபிள் துளையை ஆட்டிப் பார்த்தார். நம்மூர் ஈரத்தில் முதலில் கெடுவது அதுதானாம்.

அந்த 100 வெள்ளி செட்அப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கழுத்துக்குள் ஓர் எஃகுக் கம்பி இருக்கிறது. அதைச் சரிசெய்து, தந்தியின் உயரத்தைக் குறைத்து, சுருதியை ஒழுங்குபடுத்துவதே செட்அப். தந்தி உயரமாக இருந்தால் விரல் வலிக்கும், கார்ட் பேசாது. சின்ன வயதில் "எனக்கு இது வராது" என்று விட்டவர்களில் எத்தனை பேர் கையில் அப்படிப்பட்ட கித்தார் இருந்ததோ! குறை கையில் இல்லாமல் கருவியில் இருந்திருக்கலாம்.

இருபது நிமிடம்

விரல் நுனி முதல் இரண்டு வாரம் எரிந்தது. மூன்றாவது வாரம் காய்த்துவிட்டது. கார்ட் வடிவங்களைக் கை மறக்கவில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதுதான் மெதுவாகிவிட்டது. ஆனால் காது முன்னைவிடக் கூர்மை. இத்தனை வருடம் பாட்டு கேட்டுச் சம்பளம் வாங்கியதற்கு அது வட்டி. தினமும் இருபது நிமிடம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் வாசிப்பதைவிட வேகமாகக் கையைத் திருப்புகிறது. அதற்குப் பெட்டியில் பூட்டாமல் ஸ்டாண்டில் வைக்க வேண்டும். மாமா முதல் நாளே சொன்னது: "கண்ணுல படணும் பாப்பா, அப்பத்தான் கை போகும்."

இன்னொன்றும் எனக்குக் கிடைத்திருக்கிறது. காலையில் நான் பேசும் ஒவ்வொரு வார்த்தையையும் யாரோ கேட்கிறார்கள். இரவில் ஹெட்போனுக்குள் நான் தப்பாக வாசிப்பதை ஒருவரும் கேட்பதில்லை. நன்றாக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லாத இருபது நிமிடம் அது. மாதம் ஒருமுறை மட்டும் சின்ன ஆம்பைத் தூக்கிக்கொண்டு கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போகிறேன். மாமா கண்ணை மூடிக்கொண்டு, "மூணாவது கார்ட் மைனரு" என்பார். இப்போதெல்லாம் அம்மாவும் சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கிறார்.

உங்கள் வீட்டு அலமாரியின் மேலும் ஒரு கித்தார் தூசி படிந்து கிடக்கலாம். புதிது வாங்குவதை அப்புறம் யோசிக்கலாம். முதலில் அதை இறக்கி, ஒரு செட்அப் செய்து பாருங்கள். குடும்பத்தோடு பிரிக்பீல்ட்ஸில் ஒருவேளை வாழையிலைச் சாப்பாடு சாப்பிடும் செலவுதான் ஆகும். பணி ஓய்வுக்கென்று ஒதுக்கி வைக்காதீர்கள். தந்தி துருப்பிடித்திருந்தால் கவலை வேண்டாம், புது செட் 30 வெள்ளிக்குக் கிடைக்கும்.