குருநகர் விறாந்தையில் ஓர் இத்தாலிய வகுப்பு

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து குருநகர் அதிக தூரமில்லை. பிரதான வீதியால் போய், நாங்கள் பெரியகோயில் என்று சொல்லும் புனித மரியன்னை பேராலயத்தைத் தாண்டினால் காற்றில் உப்பு மணக்கத் தொடங்கிவிடும். கடற்கரையில் வலைகள் காயும். சைக்கிள் கரியரில் மீன்பெட்டி கட்டியவர்கள் மணியடித்துக்கொண்டு போவார்கள். எதிரே பரவைக்கடல், அதற்கப்பால் மண்டைதீவு. பழைய ஆட்கள் இந்த இடத்தைக் கரையூர் என்றுதான் சொல்வார்கள்.

சென்ற மாதம் ஒரு பின்னேரம் நான் அங்கே போனது மீன் வாங்க அல்ல. எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கலியாணம் முடிந்து எட்டு மாதம். கணவர் இத்தாலியில், பலெர்மோ நகரில் வேலை செய்கிறார். விசா வரும்வரை சும்மா இருக்காமல் அந்த மொழியைப் படிக்கிறாள். "நீங்களும் ஒருக்கா வந்து பாருங்கோ அக்கா" என்று கூப்பிட்டாள். போனேன்.

வகுப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஓட்டு வீட்டு விறாந்தை, ஆறு பிளாஸ்ரிக் கதிரை, ஒரு கரும்பலகை. படிப்பிப்பவர் பலெர்மோவில் பதினாறு வருடம் வயோதிபர்களைப் பராமரிக்கும் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். "நான் பள்ளிக்கூட ரீச்சர் இல்லை. குசினியிலும் நோயாளியின்ர கட்டிலடியிலும் படிச்ச மொழிதான்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனாலும் எல்லோருக்கும் அவர் ரீச்சர்தான்.

குருநகரில் இத்தாலியமா என்று யாராவது வியக்கலாம். இந்த ஊருக்கும் இத்தாலிக்கும் உள்ள தொடர்பு புதியதல்ல. யாழ்ப்பாணக் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் தொடக்க காலத்தில் அதற்குத் தலைமை தாங்கிய பெத்தக்கினி ஆண்டகை இத்தாலியர். 1857இல் அவர் காலமானபின் வந்த செமேரியா ஆண்டகையும் இத்தாலியில் பிறந்தவரே. அவர்களுக்கு முன்பே, 1680இல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி பாதிரியார் தமிழகத்துக்கு வந்து எங்கள் வினைச்சொற்களின் முடிவுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் இலக்கணம் எழுதினார். பிறகு தமிழிலேயே தொன்னூல் விளக்கம் என்ற இலக்கண நூலையும் இயற்றினார். அவரைத்தான் நாங்கள் வீரமாமுனிவர் என்கிறோம். அன்று அவர்கள் எங்கள் மொழியைப் படித்தார்கள், இன்று எங்கள் பிள்ளைகள் அவர்களுடையதைப் படிக்கிறார்கள்.

1980களிலிருந்து எங்கள் ஆட்கள் பலெர்மோவில் இருக்கிறார்கள். அங்கே பெல்லெகிரீனோ மலையில் புனித ரோசாலியாவின் குகைக்கோயில் உண்டு. கத்தோலிக்கர் மட்டுமல்ல, சைவர்களான தமிழர்களும் நேர்த்தி வைத்து அந்த மலைக்கு ஏறுகிறார்கள். மடுவுக்குப் போகும் எங்கள் பழக்கம்தான் அது.

இனி வகுப்புக்கு வருவோம்.

இத்தாலிய வினைச்சொற்களில் ஒழுங்காக நடப்பவை மூன்று குடும்பம் என்றார் ரீச்சர். ஒரு குடும்பம் 'ஆரே' என்று முடியும், மற்றது 'எரே', மூன்றாவது 'ஈரே'. 'தோர்னாரே' என்றால் திரும்பி வருதல். 'வேந்தெரே' என்றால் விற்றல். 'பார்த்தீரே' என்றால் புறப்படுதல். இதைக் கேட்டதும் விறாந்தை முழுக்கச் சிரிப்பு. "நீர் பார்த்தீரே?" என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

பிறகு ரீச்சர் 'தோர்னாரே'யில் வாலைக் கழற்றினார். மிஞ்சியது 'தோர்ன்'. அதுதான் பகுதி. அதனோடு 'ஓ' சேர்த்தால் 'தோர்னோ', நான் திரும்பி வருகிறேன். 'தோர்னி', நீ வருகிறாய். 'தோர்னா', அவனோ அவளோ வருவது. 'தோர்னியாமோ', நாங்கள். 'தோர்னாத்தே', நீங்கள். 'தோர்னனோ', அவர்கள். நான், நீ என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. வால் சொல்லிவிடும்.

யோசித்துப் பார்த்தால் இது எங்களுக்குப் பழகிய வேலை. 'வந்தேன்' என்றால் வந்தது யார் என்று தமிழில் யாரும் கேட்பதில்லை. பள்ளிக்கூடத்தில் 'செய்தேன்' என்பதைச் செய், த், ஏன் என்று பிரித்துப் பகுதி, இடைநிலை, விகுதி என்று எழுதினோமே, அதே கணக்குத்தான் இதுவும். ஆங்கிலம் வராது என்று பயந்து ஒதுங்கியிருந்த பெண்கள் இங்கே முதல் நாளிலேயே பிடித்துக்கொள்வதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 'த' என்ற ஒலியும் எங்கள் 'த' போலவே நாக்கு பல்லில் பட வரும்.

இரட்டை எழுத்தை அழுத்திச் சொல்வதும் எங்களைப் போலத்தான். கனிக்கும் கன்னிக்கும் எங்களுக்கு வேறுபாடு தெரியும். அந்த வகுப்பில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா இருந்தார். மகனுடைய பிள்ளைகள் அங்கே பிறந்து வளர்ந்தவர்கள், தமிழ் குறைவு. தொலைபேசியில் பேரன் "நொன்னா" என்று கூப்பிடுகிறானாம். அப்பம்மா என்று அர்த்தம். இவர் அதை 'நோனா' என்று கேட்டு, "என்ன, என்னைச் சிங்களத்தில நோனா எண்டுறானோ" என்று குழம்பியிருக்கிறார். இத்தாலியத்தில் 'நோனா' என்றால் ஒன்பதாமவள் என்று ரீச்சர் சொல்ல, அந்த அம்மாவே அதிகமாகச் சிரித்தார். அவருக்குப் பரீட்சை வேண்டாம், சான்றிதழ் வேண்டாம். பேரனிடம் சாப்பிட்டாயா என்று அவனுடைய மொழியில் கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

மரியாதைக்கும் அந்த மொழியில் வழி உண்டு. எங்களுக்கு நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி. அவர்கள் மரியாதைக்குரியவரை 'லேய்' என்று சொல்லி, வினைக்குப் படர்க்கை வாலைப் போடுவார்கள். வேலைக்குப் போன முதல் மாதம் இது தெரியாமல் வீட்டுக்காரக் கிழவரை 'நீ' என்று பேசியதை ரீச்சர் சொன்னார். வீடுகளில் வேலை செய்யப் போகிறவர்கள் இதை முதலில் படிக்கவேண்டும்.

அடுத்துக் காலங்கள் வந்தன. முன்பு வழக்கமாக நடந்ததைச் சொல்ல ஒரு 'வ்' நடுவில் வரும். 'தோர்னாவா' என்றால், அந்த நாளில் அவர் திரும்பி வருவது வழக்கம். இனிமேல் நடப்பதற்கு 'தோர்னெரா', அவர் திரும்பி வருவார். வீட்டில் பின்னேரம் யார் எத்தனை மணிக்கு வருவது என்று ஒவ்வொருவரும் ஒரு வசனம் சொல்லவேண்டும் என்றார் ரீச்சர்.

மூலையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இருந்தார். வன்னியிலிருந்து வந்து இங்கே வாடகைக்கு இருப்பவர். மகளுக்குத் துணையாக வந்து, இரண்டாம் கிழமை தானும் ஒரு கொப்பி வாங்கினாராம். அவருடைய கணவரை 2009 மே மாதத்துக்குப் பிறகு யாரும் காணவில்லை. அவர் முதலில் தமிழில் சொன்னார்:

"அவர் ஆறு மணிக்கு வருவார்."

ரீச்சர் வழக்கம்போலக் கேட்டார்: "தோர்னாவாவோ, தோர்னெராவோ?"

கேட்ட பிறகுதான் அவருக்கே விளங்கியது. தமிழில் 'வருவார்' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் போதும். அந்த நாளில் வருவது வழக்கம் என்றாலும் வருவார், இனி வரப்போகிறார் என்றாலும் வருவார். இத்தாலியம் அப்படி விடாது. ஒன்றைத் தெரிவு செய் என்கிறது.

அந்தப் பெண் கொப்பியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு, "ரண்டும்தான் ரீச்சர்" என்றார்.

யாரும் பேசவில்லை. ரீச்சர் கரும்பலகையை அழித்துவிட்டு, அடுத்த மாதம் படிப்பிக்க இருந்த ஒன்றை அன்றைக்கே எழுதினார். 'சோ கே தோர்னா' என்றால் அவர் திரும்பி வருகிறார் என்று எனக்குத் தெரியும். 'ஸ்பேரோ கே தோர்னி' என்றால் அவர் திரும்பி வரவேண்டும் என்று நம்பியிருக்கிறேன். தெரிந்ததைச் சொல்ல ஒரு வால், நம்பியிருப்பதையும் காத்திருப்பதையும் சொல்ல இன்னொரு வால். 'ஆ' இருந்த இடத்தில் 'இ'. 'ஆரே' குடும்பத்துக்கு அப்படி. மற்ற இரண்டு குடும்பங்களிலும் 'ஏ' இருந்த இடத்தில் 'ஆ' வரும். எங்கள் 'வரட்டும்', 'வருக' என்பவற்றுக்கு ஓரளவு கிட்டிய வடிவம் இது.

அந்தப் பெண் அதை மூன்று தரம் எழுதினார்.

சட்டமும் ஒரு காலத்தில் இதையே கேட்டது. 2010ஆம் ஆண்டுச் சட்டம் காணாமல் போனவருக்கு மரணப் பதிவு செய்ய வழி வைத்தது. இறந்தார் என்று ஒப்புக்கொள்ள மனம் வராத மனைவிமாரும் தாய்மாரும் என்ன செய்வது? 2016இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, அவர் காணக் கிடைக்கவில்லை என்பதை மட்டும் காட்டும் சான்றிதழைப் பெற இடம் கிடைத்தது. இருக்கிறார், இறந்தார் என்ற இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல் எங்களுக்கு எவ்வளவு தேவை என்பது இதை வாசிக்கும் பலருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

போகக் காத்திருக்கும் சகோதரிகளுக்காக ரீச்சரிடம் கேட்டுக்கொண்ட சில விடயங்கள். கணவருடன் சேர்வதற்கு ஜேர்மனி 2007இலிருந்து ஆரம்ப நிலை மொழிப் பரீட்சை கேட்கிறது. இத்தாலி அப்படிப் புறப்பட முன் கேட்பதில்லை. ஆகவே அந்தப் பெயரில் யாராவது காசு கேட்டால் கொடுக்க முன் தூதரகத்தில் விசாரியுங்கள். ஆனால் அங்கே போனபின் மொழி தேவை. நீண்டகால வதிவிட அனுமதிக்கு 2010 டிசம்பரிலிருந்து இரண்டாம் படியான ஏ2, குடியுரிமைக்கு 2018 டிசம்பரிலிருந்து அதற்கு மேற்பட்ட பி1. அரசாங்கமே நடத்தும் வளர்ந்தோர் கல்வி நிலையங்கள் அங்கே உண்டு. இங்கிருந்தே கொஞ்சம் படித்துப் போனால் வைத்தியரிடமும் பிள்ளையின் பள்ளிக்கூடத்திலும் வேறொருவர் வாயை எதிர்பார்க்கத் தேவையில்லை.

எத்தனையோ சொற்கள் இருக்க, ஏன் 'தோர்னாரே'யில் தொடங்கினீர்கள் என்று ரீச்சரைக் கேட்டேன். "எங்கட ஆக்கள் படலையடியில போறன் எண்டு சொல்ல மாட்டினம்தானே" என்றார்.

உண்மைதான். வகுப்பு முடிய, கொப்பியைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அந்த வன்னிப் பெண் படியிறங்கினார். படலையடியில் திரும்பிச் சொன்னார்:

"போட்டு வாறன் ரீச்சர்."