கட்டடங்களைக் காணச் சென்ற நாள்

பயணக் கட்டுரை என்றதும் உரோமாபுரியையோ லூர்து நகரையோ எதிர்பார்க்கும் வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். நாம் அண்மையில் மேற்கொண்ட பயணம் பள்ளிக்கரணையில் தொடங்கிப் பாரிமுனை வரை சென்று, அன்று மாலையே முடிந்தது. எனினும், கட்டட வரைபடம் ஒன்றில் நாம் இடவிருந்த கையொப்பத்தை நிறுத்திவைத்தது அப்பயணமே.

அவ்வரைபடம் நமது பங்கின் புதிய சமூகக் கூடத்துக்கானது. முன்முகம் முழுவதும் கண்ணாடி, உள்ளே குளிர்சாதனம், நான்கடி உயரத்துக்கு மண் நிரப்பிய தரை, சுற்றிலும் சிமென்ட் கல் பாவிய முற்றம். பங்குப் பேரவையில் யாவருக்கும் அது பிடித்திருந்தது, நமக்கும்தான். கட்டடக் கலை பயின்று பணிபுரியும் நம் பங்கின் மகள் ஒருத்தி மட்டும், "ஃபாதர், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு நாள் எங்களோடு சென்னையைச் சுற்றிப் பார்க்க வருவீர்களா?" என்று கேட்டாள். அவளும் அவள் தந்தையும் உடன்வர, ஒரு சனிக்கிழமை காலைத் திருப்பலிக்குப் பின் புறப்பட்டோம்.

வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கினோம். பாரிமுனையில் நின்றால் இரண்டு காலங்கள் எதிரெதிரே நிற்பதைக் காணலாம். ஒருபுறம் 1892இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றம். செந்நிறச் சுவர்களும் குவிமாடங்களுமாய் இந்தோ-சாரசனிக் பாணியில் எழுந்தது. 1894 முதல் 1977 வரை அதன் உச்சியே மரக்கலங்களுக்குக் கலங்கரை விளக்கமாய் இருந்தது. மறுபுறம் 1940இல் எழுந்த டேர் ஹவுஸ். குவிமாடமும் கொடிவேலைப்பாடும் இன்றி, நேர்கோடுகளையே அழகாகக் கொண்ட 'ஆர்ட் டெகோ' பாணி. வலுவூட்டிய கான்கிரீட் வந்த பிறகே அத்தகைய கட்டடங்கள் இந்நகரில் பெருகின.

"இரண்டும் வேறு வேறு முகங்கள். ஆனால் வெயிலை இரண்டும் மதித்தன" என்றாள் அப்பெண். நீதிமன்றத்தின் ஆழ்ந்த தாழ்வாரங்களையும், ஆர்ட் டெகோ காலத்துக் கட்டடங்களில் சாளரங்களின் தலைமேல் நீண்டோடும் 'சன்ஷேட்' பலகைகளையும் சுட்டிக் காட்டினாள். எத்தனையோ முறை அவ்வழியே பேருந்தில் சென்றிருக்கிறோம். ஒருமுறையேனும் அண்ணாந்து பார்த்தோமில்லை.

அங்கிருந்து அண்ணா சாலைக்கு வந்தோம். எல்.ஐ.சி. கட்டடத்தின் முன் நின்றபோது நம் சிறுவயது நினைவுக்கு வந்தது. தென்மாவட்டக் கிராமத்திலிருந்து தந்தையார் நம்மை முதன்முதலாகச் சென்னைக்கு அழைத்து வந்தபோது இங்கேதான் நிறுத்தினார். மாடிகளை எண்ணச் சொன்னார். ஒன்பதுக்கு மேல் எண்ணிக்கை தவறிவிட்டது. கழுத்து வலித்ததுதான் மிச்சம். பதினான்கு மாடிகள், 177 அடி உயரம். எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1953இல் தம் காப்பீட்டு நிறுவனத்துக்கெனத் தொடங்கிய பணி இது. மறு ஆண்டே சிங்கப்பூரில் விமான விபத்தில் அவர் மாண்டார். 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாயிற்று. இலண்டன் கலைஞர்கள் பிரவுன், மௌலின் ஆகியோர் வரைந்ததை நம் நாட்டவராகிய எல்.எம். சித்தாலே நிறைவேற்ற, 1959இல் திறக்கப்பட்டது. அந்நாளில் இந்தியாவிலேயே உயரமான கட்டடம் அதுவே. தொடங்கியவர் அதன் நிறைவைக் காணவில்லை என்ற செய்தி, கட்டடக் குழுவுக்குத் தலைமை ஏற்றிருந்த நம்மைச் சற்றே அடக்கியது.

திரும்பும் வழியில், ரயிலில் அப்பெண் புதுச்சேரியின் கோல்கொண்டா விடுதியைப் பற்றிக் கூறினாள். 1937இல் அந்தோனின் ரேமண்ட் என்னும் கலைஞரின் திட்டப்படி தொடங்கப்பட்ட கான்கிரீட் கட்டடம் அது. அதன் சுவர்களில் கண்ணாடிச் சாளரங்களுக்குப் பதிலாகத் திறந்து மூடத்தக்க கிடைப்பலகைகளே உள்ளனவாம். வெயில் தடுக்கப்படும், காற்று மட்டும் நுழையும். "புதுமை என்றாலே கண்ணாடி என்று நாம்தான் எண்ணிக்கொண்டோம், ஃபாதர். கண்ணாடி வெயிலை உள்ளே விட்டு, வெப்பத்தை வெளியே விடாது. பிறகு அதை விரட்ட இயந்திரம் வேண்டும். அதற்கு மாதந்தோறும் மின்கட்டணம் வேண்டும்."

சாளரத்துக்கு வெளியே பக்கிங்காம் கால்வாய் தெரிந்தது. நாம் ஏறிவந்த ரயிலின் தூண்களே பல இடங்களில் அக்கால்வாய்க்குள் ஊன்றப்பட்டிருந்தன. அவள் அதைக் காட்டி மெல்லக் கேட்டாள்: "வெயிலும் காற்றும் சரி. நம் கூடத்தில் விழும் மழைநீர் எங்கே போகும்?"

நாம் விடை கூறவில்லை. காரணத்தை இங்கே மறைப்பது முறையன்று. 2022இல் நமது ஆலய வளாகத்தை மண் கொட்டி உயர்த்திக் கல் பாவியவர் நாமே. மூலையில் இருந்த பழைய குட்டையையும் தூர்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது ஆலயத்துள் ஒரு சொட்டு நீரும் புகவில்லை; இறைவனுக்கு நன்றி கூறினோம். பின்தெருவில் வசிக்கும் மூதாட்டி ஒருவர் நம்மிடம் வந்து, "கோயிலு காஞ்சிருக்கு சாமி. எங்க அடுப்புதான் நனைஞ்சிடுச்சு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதனாலேயே அச்சொல் நம்மை விட்டு நீங்கவில்லை.

நமது ஊரின் பெருங்கட்டடம் மனிதர் எழுப்பியதன்று. அது இச்சதுப்பு நிலம். முன்னோர் கழுவெளி என்றனர். தென்சென்னையின் ஏரிகள் பலவற்றின் உபரிநீர் இங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் கழிமுகத்தில் கடலில் சேர்கிறது. எஞ்சியிருப்பதில் சுமார் 1,248 எக்டேர் பரப்பு 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அதே ஆண்டில்தான் நாம் நம் குட்டையைத் தூர்த்தோம்.

பேரவை மீண்டும் கூடியது. நம் தவற்றைச் சொல்லிவிட்டே பேச்சைத் தொடங்கினோம். விவாதம் நீண்டது, "கண்ணாடி இல்லாவிட்டால் திருமணத்துக்கு யார் வாடகைக்கு எடுப்பார்கள்?" என்று கேட்டவர்களும் உண்டு. முடிவில் புதிய வரைபடம் ஏற்கப்பட்டது. திருவனந்தபுரம் லயோலா பள்ளி வளாகத்தில் லாரி பேக்கர் எழுப்பிய சிற்றாலயத்தில் உள்ளதுபோல் காற்று நுழையும் செங்கல் பின்னல் சுவர்கள். மண் நிரப்பாமல் தூண்களின்மேல் எழும் தரை. கூடம் சற்றுச் சிறியதாகவே அமையும்.

முற்றத்தின் கற்களில் பாதியைப் பெயர்த்தாயிற்று. மூலையில் குட்டையைத் தோண்டும் பணி நடக்கிறது. அன்றொரு நாள் அம்மூதாட்டி அங்கே வந்து நின்றார்.

"இங்க முன்ன குட்டை இருந்துச்சு சாமி" என்றார்.

"அதைத்தான் திரும்பத் தோண்டுகிறோம், அம்மா" என்றோம்.

வரும் ஐப்பசி, கார்த்திகை மழையில் அவர் வீட்டுக்குச் சென்று அடுப்பைப் பார்த்து வருவோம். கூடத்தின் திறப்பு விழாவுக்கு நாள் குறிப்பது அதற்குப் பிறகுதான்.