பாறசாலையில் மூன்று நாட்கள்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் புகைவண்டி குழித்துறையைக் கடந்ததும் தமிழ்நாட்டை விட்டு நீங்கிவிடுகிறது. அதை எவரும் அறிவிப்பதில்லை. வாழையும் மரவள்ளியும் இரப்பர்த் தோட்டங்களும் முன்போலவே வந்துகொண்டிருக்க, பாறசாலை என்னும் பலகை தோன்றுகிறது. சென்ற வைகாசியில் நாங்கள் இருவரும் அங்கே இறங்கினோம்.

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. எல்லைக்கோடு பல குடும்பங்களின் நடுவே சென்றது. எங்கள் தாயார் களியக்காவிளைப் பக்கம். அவர் தங்கை வாழ்க்கைப்பட்டதோ பாறசாலைப் பக்கம். அச்சித்தியின் ஒரே மகனுக்கு இப்போது வயது 31. அவனுக்கு ஆட்டிசம் என்னும் மதியிறுக்கம். சித்தப்பா காலமாகிவிட்டார்.

நாள்தோறும் மாலையில் அவன் நிலைய வேலியோரம் நின்று ஒரு வண்டியின் பெட்டிகளை எண்ண வேண்டும். நாங்கள் சென்ற அன்று வண்டி நாற்பது நிமிடம் தாமதம். அவன் தலையைச் சுவரில் மோதத் தொடங்கினான். சித்தி தம் உள்ளங்கையைச் சுவருக்கும் தலைக்கும் இடையே வைத்துக்கொண்டு நின்றார். அவர் மணிக்கட்டில் பழைய பல்தடங்கள் இருந்தன. அலுவலகத்தில் தாமதத்தை நிமிடக் கணக்காக எழுதிக் கையொப்பமிடுகிறவர்கள் நாங்கள். அந்த நாற்பது நிமிடம் எத்தகையதென்று அன்றுதான் கண்டோம்.

இரவில் சித்தி கூறினார்: "மக்களே, எல்லோரும் அவனைத்தான் கேட்கிறார்கள். நான் உறங்கினேனா என்று ஒருவரும் கேட்டதில்லை."

நாங்களும் கேட்டதில்லை. மாதந்தோறும் பணம் அனுப்பினோம். ஞாயிறுதோறும் தொலைபேசியில் அவனை விசாரித்தோம்.

பதினோராண்டுகளாக அவர் ஒரு திருமணத்திற்கும் சென்றதில்லை. பிள்ளையைச் சிறுவயதில் கொஞ்சி வளர்க்கவில்லை என்ற பழிச்சொல் வேறு! அது நம் ஊராருக்கு மட்டும் உரியதன்று. தாயின் அன்பின்மையே காரணமென்று அமெரிக்க அறிஞர்களே ஒரு காலத்தில் எழுதினார்கள். 1964-இல் பெர்னார்டு ரிம்லாந்து அதனை மறுத்து நூல் எழுதினார். பிறப்பிலேயே அமைவது என்பதே இன்றைய மருத்துவர் முடிவு. இதைச் சொன்னதும் சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பங்கரைக்குச் சென்றுவிட்டார்.

மறுநாள் அவனை நாங்களே நிலையத்திற்கு அழைத்துச் சென்றோம். எஞ்சினையும் சேர்த்து எண்ணியதற்காக எங்களைக் கடிந்துகொண்டான். திரும்பியபோது சித்தி திண்ணையில் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் எங்களுள் ஒருவர் அவனோடு இருக்க, மற்றவர் சித்தியை நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். பகைவருக்கு அஞ்சிய மார்த்தாண்டவர்மா ஒளிந்ததாகக் கூறப்படும் அம்மச்சிப் பிலாவின் அடிமரம் அங்கே உள்ளது. அதன் பொந்தை நெடுநேரம் நோக்கிவிட்டு, "எனக்கும் இப்படி ஒன்று கிடைத்தால் ஒரு மணி நேரம் ஒளிந்துகொள்வேன்" என்று சிரித்தார்.

இத்தகையோரைப் பேணுவோருக்குக் கேரள அரசின் ஆஸ்வாசகிரணம் திட்டத்தில் மாதம் 600 ரூபாய் உதவித்தொகை உண்டு. இது கேரளத்தில் வாழ்வோருக்கே. களியக்காவிளையில் இருப்போர் தமிழ்நாட்டுத் திட்டங்களையே நாட வேண்டும். எங்கள் தொழிலைச் சேர்ந்த செய்தி ஒன்று: அறிவு வளர்ச்சிக் குறைபாட்டால் தனித்துப் பயணம் செய்ய இயலாதவருக்கும் அவருடைய துணைவர் ஒருவருக்கும், உரிய மருத்துவச் சான்றிதழ் இருப்பின், இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் நூற்றுக்கு 75 பங்கு கட்டணச் சலுகை உண்டு. மனம் சோர்ந்தவர் 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலும் மலையாளத்திலும் பேசுவார்கள்.

"எனக்குப் பின் யார்?" என்பதே சித்தியின் உறக்கத்தைக் கெடுத்த கேள்வி. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, பதினெட்டு வயது கடந்தவருக்குக் காப்பாளரை நியமிக்க, மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய குழுவிடம் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "யார் பெயரை எழுத?" என்று கேட்டார். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. தொலைவில் இருக்கிறோமே என்ற தயக்கம் எங்களுக்கு இருந்தது உண்மை. பின்னர் எங்கள் பெயரையே எழுதினோம்.

ஆவணியில் தக்கலையில் உறவினர் திருமணம் ஒன்று உள்ளது. அவ்வாரத்திற்கு விடுப்புக் கேட்டிருக்கிறோம். சித்தி திருமணத்திற்குச் செல்வார். நாங்கள் பெட்டிகளை எண்ணுவோம், எஞ்சினைச் சேர்க்காமல்.