பெரியம்மா சொல்லத் தயங்கிய சொல்



தென்னூரில் எங்கள் வீட்டிற்கு இரண்டு தெரு தள்ளிப் பெரியம்மா வசிக்கிறார். சென்ற ஆண்டு ரமலானுக்குச் சற்று முன்பு, கொடியில் துணி போடக் கையை உயர்த்தும்போதெல்லாம் அவர் ஒரு கணம் நிதானிப்பதை, சகோதரிகளாகிய நாங்கள் இருவரும் கவனித்தோம். கேட்டதற்கு, "கைக்குக் கீழே ஏதோ நெருடுது" என்றார். தொட்டுப் பார்த்தோம். இடது அக்குளில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. வலியே இல்லை. ஐந்து மாதங்களாக இருக்கிறதாம்.

"ஏன் பெரியம்மா சொல்லவில்லை?" என்றோம்.

"ஆம்பளைங்க இருக்கிற வீட்டில் அந்த இடத்தை எப்படிம்மா சொல்றது?"

மருத்துவமனையில் தந்த அறிக்கையில் 'இடது அக்ஸிலா, லெவல் ஒன்று, பெரிதாகிய நிணநீர்க் கணுக்கள்' என்னும் பொருள்பட எழுதியிருந்தது. படித்துச் சொன்னோம். பெரியம்மா அஞ்சிய முகத்துடன், "அக்ஸிலான்னா என்ன வியாதிம்மா?" என்று கேட்டார். "வியாதி இல்லை பெரியம்மா, அக்குளுக்குத்தான் அந்தப் பெயர்" என்றோம். வீட்டில் கூச்சம் ஒரு சொல்லை மறைத்தது. மருத்துவமனையில் அயல்மொழி அதையே மறைத்தது. இரண்டிற்கும் நடுவில் கட்டி வளர்ந்துகொண்டிருந்தது.

அன்றிரவு அந்த அறிக்கையைச் சொல் சொல்லாக அவருக்கு விளக்கினோம். அக்குள் என்பது வெறும் மடிப்பு அன்று. நான்கு சுவர்களும் குறுகிய உச்சியும் உடைய ஒரு கூடாரம். முன்சுவர் மார்புத் தசைகள்; பின்சுவர் தோள்பட்டை எலும்பும் முதுகுத் தசையும்; உட்சுவர் விலா எலும்புகள்; வெளிச்சுவர் மேற்கை எலும்பு. கைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் அக்குள் தமனியும், கழுத்திலிருந்து ஐந்து வேர்களாக இறங்கும் புயநரம்புப் பின்னலும் இதன் வழியேதான் செல்கின்றன. கொழுப்பினுள் பொதிந்து இருபதுக்கும் மேற்பட்ட நிணநீர்க் கணுக்கள் உள்ளன. மார்பகத்தின் நிணநீரில் பெரும்பகுதி இங்குதான் வந்து வடிகிறது. சிறு மார்புத்தசையை எல்லையாக வைத்து மருத்துவர்கள் இக்கணுக்களை மூன்று நிலைகளாகப் பிரிக்கின்றனர். 'லெவல் ஒன்று' என்றால் அத்தசைக்கு வெளிப்புறம் உள்ளவை. நோய் முதலில் எட்டக்கூடிய கணுவுக்குக் 'காவல் கணு' என்று பெயர். பெரியம்மா அந்தப் பெயரை மட்டும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.

இவற்றைத் தமிழில் சொல்ல முடியுமா என்னும் ஐயம் பழையது. அதற்கு விடையும் பழையது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்றியலை 'அங்காதிபாதம்' என்று பெயரிட்டு நூலாகவும் தந்தார். நம் மொழியிலோ அக்குள், கக்கம், கமுக்கட்டு என்று சொற்கள் வரிசையாகக் காத்திருக்கின்றன. குறை சொல்லில் இல்லை. நம் நாவில் இருக்கிறது.

மார்க்கமாவது தடுக்கிறதா? இல்லை. நபி (ஸல்) அவர்கள் மழை வேண்டித் துஆச் செய்தபோது, அவர்களின் அக்குளின் வெண்மை தெரியுமளவு கைகளை உயர்த்தியதை அனஸ் (ரலி) அவர்கள் கூச்சமின்றி அறிவித்துள்ளார்கள். புகாரியில் அது பதிவாகியுள்ளது. இயற்கை மரபாகிய ஃபித்ராவின் ஐந்து செயல்களில் அக்குள் முடி நீக்குவதும் ஒன்று. அதனை நாற்பது நாள்களுக்கு மேல் விட்டுவிடலாகாது என்று முஸ்லிமில் இடம்பெறும் ஹதீஸ் வரம்பிடுகிறது. மார்க்கத்தைக் கற்பதற்கு வெட்கம் அன்ஸாரிப் பெண்களைத் தடுக்கவில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியுள்ளார்கள். நாணம் ஈமானின் ஒரு கிளைதான். ஆனால் உடலை மறைப்பது வேறு, நோயை மறைப்பது வேறு.

ஆகவே ஒன்றைக் கேட்டுக்கொள்கிறோம். அக்குளைத் தூய்மை செய்யும் நாளில், கையைத் தளர்வாகக் கீழே விட்டு, மறுகை விரல்களால் அங்கே மெல்லத் தடவிப் பாருங்கள். கையை உயர்த்தினால் தசை இறுகிக் கட்டி புலப்படாமல் போகலாம். அங்கே வரும் வீக்கமெல்லாம் புற்றுநோய் அன்று; விரலில் பட்ட புண்ணாலும் காசநோயாலும் கணுக்கள் பெரிதாகும். ஆயினும் இரண்டு வாரம் கடந்தும் கரையாத கட்டியை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆண்களுக்கும் இது பொருந்தும்.

பெரியம்மாவுக்கு வந்தது மார்பகப் புற்றுநோய். முன்பே வந்திருந்தால் சிகிச்சை எளிதாயிருக்கும் என்றார் மருத்துவர். அறுவை சிகிச்சை முடிந்தது. கணுக்களை நீக்கியதால் இடக்கை சற்று வீங்கியிருக்கிறது. இன்னும் மருந்து தொடர்கிறது. அல்ஹம்துலில்லாஹ், தம் வேலைகளைத் தாமே செய்துகொள்கிறார்.

மூஸா (அலை) அவர்கள் தம் கையை விலாப்புறத்தில் சேர்த்த நிகழ்ச்சியைச் சொல்லும் தாஹா அத்தியாயத்தில், அவ்விடத்தைக் குறிக்கும் அரபுச் சொல் 'ஜனாஹ்'. அதன் நேர்ப்பொருள் சிறகு. பெற்றோருக்குப் பணிவெனும் சிறகைத் தாழ்த்துமாறு குர்ஆன் ஏவும் இடத்திலும் அதே சொல்தான் வருகிறது. வீட்டுப் பெரியவர்களிடம் "உடம்பு எப்படி?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், எங்கே என்றும் கேட்போம். அவர்கள் தயங்கினால் அந்தச் சொல்லை நாமே முதலில் சொல்லுவோம்.

சென்ற வாரம் தெருவில் ஒரு பெண்ணிடம் பெரியம்மா பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டோம். "அக்குள்ல கட்டி இருக்கான்னு பாத்துக்கம்மா" என்றார், குரலைத் தாழ்த்தாமல்.