வெற்றியை மட்டும் நேசித்தேன்

பெண்களின் போராட்டங்களைப் பற்றி எழுதியும் பேசியும் வருகிறவள் நான். அப்படிப்பட்ட நான் கேரளத்தின் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்களைக் கைவிட்டேன். அதை ஒப்புக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

2015 செப்டம்பரில் அந்தப் பெண்கள் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் தமிழ் பேசும் தலித் பெண்கள். 20 சதவீதமாக இருந்த போனஸை நிர்வாகம் 10 சதவீதமாகக் குறைத்திருந்தது. தங்கள் சந்தாவில் வளர்ந்த தொழிற்சங்கங்களின் ஆண் தலைவர்களை அவர்கள் கிட்டே நெருங்க விடவில்லை. ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. போனஸ் 8.33, கருணைத்தொகை 11.67 என்று அதே 20 சதவீதம் கைக்கு வந்தது. அவர்களுடைய அமைப்பான ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) நாடறிந்த பெயரானது. நானும் புல்லரித்துப் போய் எழுதினேன். மேடை மேடையாகப் பேசினேன்.

அடுத்து வந்தது கூலிப் போராட்டம். 232 ரூபாய் தினக்கூலியை 500 ஆக்கக் கேட்டார்கள்; 301 கிடைத்தது. உள்ளாட்சித் தேர்தலில் அவர்களின் தலைவர்களில் ஒருவரான கோமதி வென்றார். பிறகு தலைமைக்குள் பிணக்கு வந்தது, அமைப்பு பிளந்தது. ஒரு கூட்டத்தில் அதைப் பற்றி என்னிடம் கேட்டார்கள். “குழாயடிச் சண்டையாகிவிட்டது, அரசியல் பயிற்சி இல்லாதவர்கள்” என்றேன். அரங்கில் சிரித்தார்கள். நான் திருத்திச் சொல்லவில்லை.

கம்யூனிஸ்ட் கட்சி 1964இல் பிளந்தது. திராவிட முன்னேற்றக் கழகம் 1972இல் பிளந்தது. அவற்றைக் கொள்கை, வரலாறு என்று மரியாதையோடு எழுதியவள் நான். பகலெல்லாம் கொழுந்து பறித்து, மாலையில் லயத்தில், அந்தத் தோட்டக் குடியிருப்பில், உலை வைத்து, அதற்கு மேல் சங்கமும் நடத்திய பெண்கள் பிளந்தபோது மட்டும் அது எனக்குக் குழாயடிச் சண்டையாகத் தெரிந்தது. பயிற்சி இல்லை என்று குறை சொன்ன நான் பயிற்சி கொடுக்கப் போகவில்லை. சங்கம் நடத்தப் பணம் வேண்டும், வழக்கறிஞர் வேண்டும், கணக்கு எழுத ஆள் வேண்டும். இவற்றில் ஒன்றுக்கும் நான் உதவவில்லை.

2017இல் கேரள அமைச்சர் எம்.எம். மணி அந்தப் பெண்களை இழிவாகப் பேசினார். அவர்கள் மூணாறில் மறியலுக்கு உட்கார்ந்தபோது நான் கண்டன அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். கோபப்படுவது சுலபமாக இருந்தது. மறியல் முடிந்ததும் மறுபடி மறந்தேன். 2020 ஆகஸ்டில் மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் இறந்தார்கள். தொழிலாளிகளுக்குச் சொந்த நிலமும் வீடும் கேட்டு, பார்வையிட வந்த முதலமைச்சரின் முன் முறையிடப் போன கோமதியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அந்தச் செய்தியைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது: ஓய்ந்துவிட்டார் என்று நான் முடிவு கட்டியிருந்த பெண் இன்னும் போராடிக்கொண்டிருந்தார்; ஓய்ந்திருந்தது நான்தான்.

பாட்டாளிப் பெண்கள் வென்றால் நமக்குப் பெருமை, தடுமாறினால் அவர்கள் பொறுப்பு என்று நடந்துகொண்டேன். பெண்ணியம் பேசும் படித்த பெண்கள் பலரிடம் இந்தப் பழக்கம் இருக்கிறது. அதைக் காட்டி என் பங்கைக் குறைத்துக்கொள்ள மாட்டேன். அந்த மேடையில் சொன்னது தவறு. உழைக்கும் பெண்களின் சங்கத்துக்கு நம் கைதட்டலைவிட, வெற்றிக்குப் பின் வரும் சலிப்பான ஆண்டுகளில் நம் நேரமும் பணமும்தான் தேவை. நான் அவை இரண்டையும் தரவில்லை. இனி என் எழுத்தை எடைபோடுகிறவர்கள் இதையும் சேர்த்தே எடைபோடட்டும்.