கடன்பட்ட நகரின் சித்திரசாலை

அமெரிக்காவின் வடவெல்லையில், ஆற்றின் அக்கரையிற் கனடா தெரிய அமைந்துள்ளது டெற்றோயிற் மாநகரம். மோட்டார் வண்டித் தொழிலாற் செழித்த ஊர். 1950இல் அங்கு பதினெட்டரை இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். 2010இல் ஏழு இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டோரே எஞ்சினர்.

வூட்வேட் பெருந்தெருவில் நிற்கும் வெண்பளிங்குக் கட்டடமே டெற்றோயிற் கலைக்கழகம். 1927இல் திறக்கப்பெற்ற இந்நூதனசாலையின் நடுமண்டபத்தில் நாம் நெடுநேரம் நின்றுவிட்டோம். நாற்சுவர்களிலும் மெக்சிக்கோ ஓவியர் டியேகோ ரிவேரா 1932, 1933ஆம் ஆண்டுகளில் ஈரச் சாந்தின்மேல் தீட்டிய 27 சித்திரங்கள்: கொதிக்கும் உலைகள், வண்டி இயந்திரங்கள், குனிந்து நிமிரும் தொழிலாளர். பணம் உதவியவர் போர்ட் நிறுவன அதிபரின் மைந்தர் எட்சல் போர்ட். ஓவியரோ பொதுவுடைமைவாதி! குழந்தைக்கு அம்மைப்பால் குத்தும் காட்சி யேசுபிறப்பை நினைவூட்டுகின்றதெனச் சினந்தோர், சுவருக்கு வெள்ளையடிக்கவும் கூறினராம். நல்லவேளையாக எவரும் வாளியைத் தூக்கவில்லை.

அப்பாலுள்ள அறைகளில், வான்கோ தம்மைத் தாமே வரைந்த ஓவியத்தையும், புரூகல் 1566இல் வரைந்த கலியாணக் கூத்தையும் கண்டோம். முன்னையது 1922இலும் பின்னையது 1930இலும் வாங்கப்பட்டவை. அக்காலத்தில் நகரின் கை செழிப்பாக இருந்தது. பெரும்பாலான அமெரிக்க நூதனசாலைகளின் செல்வம் தனிக்கழகங்களுக்கு உரியது. இங்கோ மாநகரசபையே உடைமையாளர். பின்னாளில் வந்த ஆபத்துக்கு வித்து அதுவே.

2013 யூலை 18ஆந் திகதி மாநகரம் வங்குரோத்து மனுச் செய்தது. கடன் ஏறத்தாழ 1,800 கோடி டொலர். கடன் கொடுத்தோரின் கண் சித்திரங்களின்மேல் விழுந்தது. கிறிஸ்டீஸ் என்னும் ஏல நிறுவனம், நகரப் பணத்தில் வாங்கிய ஏறத்தாழ 2,800 பொருள்களை மதிப்பிட்டு, 45 கோடி முதல் 87 கோடி டொலர் வரை பெறுமென்றது. இவை மக்களுக்கான தரும நம்பிக்கைச் சொத்து, விற்றலாகாது என்றார் மாநிலச் சட்டமா அதிபர்.

விற்பது பாதகமென்று சொல்வது நமக்கு எளிது. முப்பது ஆண்டு குப்பை அள்ளியவனும் தீயணைத்தவனும் இளைப்பாற்றுச் சம்பளம் போய்விடுமோவென அஞ்சியிருக்கையில், ஒரு படம் பத்துக் கோடி டொலருக்குமேற் பெறுமென்று கேள்விப்பட்டால் என்ன நினைப்பான்? அவன் கேள்வியை அற்பமென்று தள்ள எமக்கு மனமில்லை. எனினும் ஒருமுறை விற்றுண்டால் மறுமுறை விற்க என்ன இருக்கும்? வாங்கும் செல்வரின் மாளிகைக்குள் இந்நகரத்துப் பிள்ளைகள் புகமுடியுமா?

நீதிமன்ற நடுவர் முயற்சியால் ஒரு வழி பிறந்தது. தரும நிறுவனங்கள் 36 கோடி 60 இலட்சம், மாநில அரசு 19 கோடி 50 இலட்சம், நூதனசாலை தானே திரட்டுவதாக 10 கோடி டொலர். அத்தனையும் இளைப்பாறியோர் நிதிக்கே. பதிலாக ஒரு படமும் விற்கப்படலாகாது. 2014 நவம்பர் 7ஆந் திகதி நீதிபதி ஸ்ரீவன் றோட்ஸ் திட்டத்தை அங்கீகரித்தார்.

இளைப்பாறியோர் முழுதும் தப்பவில்லை. பொது ஊழியர் சம்பளத்தில் நூற்றுக்கு நாலரை வீதம் குறைந்தது. வாழ்க்கைச் செலவுக்கான ஆண்டு உயர்வும் நின்றது. வைத்திய உதவியில் விழுந்த வெட்டு இன்னும் பெரிது. இவற்றை அறிந்தே அவர்களுட் பெரும்பான்மையோர் வாக்களித்து இசைந்தனர். சித்திரங்களோ மாநகரசபையின் கையைவிட்டு, இலாபநோக்கற்ற கழகமொன்றுக்கு உரிமையாயின. சுற்றியுள்ள மூன்று மாவட்டத்தார் 2012இல் தாமே வாக்களித்து ஏற்ற வரியொன்றும் இந்நூதனசாலைக்கு உண்டு. அவர்களுக்கு வாயிலிற் கட்டணமில்லை. நாம் சீட்டு வாங்கியே உட்சென்றோம்.