மூன்று வருடக் கணக்கு

குற்றாலம் ஐந்தருவியில் சாரல் நன்றாக இருந்தால் ஐந்து கிளையிலும் தண்ணீர் கொட்டும். வரத்து குறைந்தால் இரண்டு மூன்று கிளைதான். வருவது ஒரே தண்ணீர், பங்குதான் ஐந்து! இதே பங்குக் கணக்கை வைத்து ஜப்பானில் ஒரு வீடியோ கேமே செய்துவிட்டார்கள். பெயர் டோக்கிமெக்கி மெமோரியல். 1994-இல் பிசி எஞ்சின் என்ற கேம் கருவிக்காக கொனாமி நிறுவனம் வெளியிட்டது. வெகுகாலம் ஜப்பானிய மொழி தெரிந்தவர்களுக்கு மட்டும்தான். 2022-இல் ரசிகர்களே அதன் சூப்பர் ஃபேமிகாம் பதிப்பை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்கள்.

காதல் கேம் என்றதும் ஏதோ விவகாரமானது என்று நினைக்க வேண்டாம். பள்ளியில் மூன்று வருடம் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். கலைப் பாடமா, அறிவியலா, விளையாட்டா, ஓய்வா என்று வாரா வாரம் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்கும். ஓய்வே எடுக்காவிட்டால் உடம்பு படுத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, வெளியே போக நாள் குறிக்கலாம். பள்ளி முடியும் நாளில் பழைய மரம் ஒன்றின் அடியில் ஒரு பெண் காத்திருந்து காதலைச் சொல்வாள். யாரும் வராமலும் போகலாம்...

நாயகி ஷியோரி ஃபுஜிசாகி, சின்ன வயதிலிருந்து பழகிய பக்கத்து வீட்டுப் பெண். ஆனால் அவள் மனதில் இடம் பிடிப்பதுதான் கஷ்டம். படிப்பு, விளையாட்டு, தோற்றம் எல்லாமே வேண்டும். சரி, அவள் ஒருத்தியையே சுற்றி வரலாம் என்றால், அங்கேதான் வெடிகுண்டு! அறிமுகமான மற்ற பெண்களைக் கண்டுகொள்ளாமல் விட்டால், பட்டியலில் அவர்களுக்கு நேராக ஒரு குண்டுப் படம் வரும். அது வெடித்தால் அத்தனை பேரிடமும் மதிப்பு இறங்கும், ஷியோரி உட்பட.

மனிதர்களை எண்ணாக்கி விளையாடலாமா என்று கேட்டால், நியாயமான கேள்விதான். பெண்களைப் பரிசுப் பொருள் மாதிரி வைத்திருப்பது உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் குண்டு மட்டும் பொய் சொல்லவில்லை. வணிகவியலில் வாய்ப்புச் செலவு என்று படிக்கிறோமே, ஒன்றை எடுக்கும்போது விட்டுவிட்ட மற்றதுதான் அதன் விலை என்று, அதையேதான் சொல்கிறது.

பி.காமும் மூன்று வருடம்தான். அரியர், டேலி கிளாஸ், கிரிக்கெட் எல்லாவற்றுக்கும் அதே நாட்கள்தான். பழைய சேவ் ஃபைலைத் திறந்து முதல் வருடத்துக்குத் திரும்பவும் முடியாது. பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்த நண்பனுக்கு போன் செய்து எத்தனை மாதம் ஆயிற்று? செல்போனில் அவன் பெயருக்கு நேராக எந்தக் குண்டுப் படமும் தெரியாது.